மறுவிற்பனையிலும் ஓவியருக்குப் பங்கு: என்.எஃப்.டி தந்த வாக்குறுதி என்னாச்சு?

ஓவியர் ஒருவர் தன் படத்தை விற்றுவிட்டால், பிறகு அது கோடிகளுக்குக் கைமாறினாலும் பெரும்பாலும் அவருக்குக் காசு வராது. இதை மாற்றப்போவதாகச் சொல்லித்தான் என்.எஃப்.டி வந்தது.

என்.எஃப்.டி என்றால் என்ன?

டிஜிட்டல் படம், பாடல், வீடியோ போன்றவை யாரிடம் இருக்கின்றன என்று பிளாக்செயினில் பதிவு செய்யும் டோக்கன். படத்தை யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யலாம். டோக்கன் மட்டும் வாங்கியவரிடம்தான் இருக்கும். ஆனால் அதை வாங்கினாலே பதிப்புரிமையும் கிடைத்துவிடாது.

2021 மார்ச்சில் அமெரிக்க ஓவியர் பீப்பிளின் டிஜிட்டல் படைப்பு, கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 6.9 கோடி டாலருக்குப் போனது.

வியாபாரத்தில் புதுசா என்ன?

ராயல்டி. ஒவ்வொரு மறுவிற்பனையிலும், பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை, படைத்தவருக்குப் போகும் என்பதே ஏற்பாடு.

சிக்கல் எங்கே?

பெரும்பாலான டோக்கன்களில் ராயல்டியை வசூலித்துக் கொடுத்தது விற்பனைத் தளங்கள்தான். 2022-ல் போட்டி முற்றியதும், ராயல்டி கொடுப்பதா வேண்டாமா என்பதைச் சில தளங்கள் வாங்குபவர் விருப்பத்துக்கே விட்டன. 2023 ஆகஸ்ட்டில் ஓபன்சீயும் கட்டாய ராயல்டியைக் கைவிடுவதாக அறிவித்தது.

இந்தியாவில்?

என்.எஃப்.டி விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி. நஷ்டமானால் வேறு வருமானத்தில் கழிக்க முடியாது.

ஆக, படைப்பை என்.எஃப்.டி-யாக விற்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ராயல்டி டோக்கனிலேயே எழுதப்பட்டிருக்கிறதா, இல்லை தளத்தின் வாய்ச்சொல்தானா?