சிசேரியன்: பெயரில் இல்லாத தாய்

குழந்தை பிறந்த வீட்டுக்கு போன் போட்டால் முதல் கேள்வி ஆணா பெண்ணா. அடுத்தது நார்மலா சிசேரியனா. மகப்பேற்று அறுவை என்று அகராதிக்காரர்கள் எழுதிவைத்த சொல் பேச்சில் ஏறவே இல்லை. கிராமத்துப் பாட்டியும் ‘சிசேரியன்’ என்கிறாள், இல்லையென்றால் ‘ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க’ என்கிறாள். ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால் வந்த பெயர் என்று பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டிருப்போம். அது நடந்திருக்க வழியில்லை.

சீசரின் தாய் அவுரேலியா, மகனுக்கு நாற்பது வயது தாண்டும்வரை உயிரோடு இருந்தவர். கி.மு. 54இல் அவர் இறந்தபோது மகன் வடக்கே படை நடத்திக்கொண்டிருந்தார். அன்றைய ரோமில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள் என்றால் தாய் இறந்துவிட்டாள் என்று பொருள். கர்ப்பத்தோடு இறந்தவளைப் பிள்ளையை எடுக்காமல் அடக்கம் செய்யக் கூடாது என்பது பழைய அரசர்கள் காலத்துச் சட்டம். பின்வந்த பேரரசர் ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது.

குழப்பத்துக்கு விதை போட்டவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்று நூலின் 7ஆம் பகுதியில், சீசர்களில் முதல்வர் தாயின் வயிறு வெட்டப்பட்டுப் பிறந்தார், அதனால் அந்தப் பெயர் என்கிறார். லத்தீனில் ‘கைடெரே’ என்றால் வெட்டுதல். அவர் சொன்னது குலத்தின் மூதாதை ஒருவரைப் பற்றி. பின்னால் படித்தவர்கள் அதை ஜூலியஸ் தலையில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் குலப்பெயருக்கு ரோமானியர்களே வேறு விளக்கங்களும் வைத்திருந்தார்கள்: அடர்ந்த தலைமுடி, சாம்பல் நிறக் கண், யானையைக் கொன்ற முன்னோர். இதுதான் மூலம் என்று இன்றுவரை யாராலும் அறுதியிட முடியவில்லை.

அறுவைக்கு இந்தப் பெயர் நிலைத்தது பிரான்சில். 1581இல் பிரான்சுவா ரூசே என்ற மருத்துவர், உயிரோடு இருக்கும் தாய்க்கும் இதைச் செய்யலாம் என்று வாதாடி ஒரு நூல் வெளியிட்டார். ‘சீசர் பிரசவம்’ என்ற தொடர் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. 1598இல் ஜாக் கியோமோ ‘செக்‌ஷன்’ என்ற சொல்லைச் சேர்த்தார். அதற்கும் வெட்டு என்றே பொருள். பிளினியின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டால் சிசேரியன் செக்‌ஷன் என்பது ‘வெட்டு வெட்டு’ ஆகிறது.

பிறகு தவறு மொழிமொழியாகப் பெயர்ந்தது. ஜெர்மானியர்கள் ‘கைஸர்ஷ்னிட்’ என்றார்கள், பேரரசர் வெட்டு. அரபியில் ‘கைசரிய்யா’. ஜப்பானியர்கள் ஐரோப்பியச் சொல்லைப் பார்த்து ‘தெய்ஓ செக்காய்’ என்று ஆக்கினார்கள். பொருள் அதே பேரரசர் வெட்டுதான். ரோமுக்கும் ஜப்பானுக்கும் நடுவே எத்தனை நாடுகள்! அத்தனை தூரமும் அந்த அரசர் வந்திருக்கிறார். அறுக்கப்பட்டவளைப் பற்றி இந்தப் பெயர்கள் எதிலும் ஓர் எழுத்துகூட இல்லை.

நம் பக்கத்துக் கதைகளிலும் இதே வாடை அடிக்கிறது. சந்திரகுப்த மௌரியருக்குப் பழக்குவதற்காகச் சாணக்கியர் உணவில் சிறிது சிறிதாக நஞ்சு கலந்துவந்தார், அறியாமல் அதை உண்ட கர்ப்பிணி அரசி இறந்தாள், சாணக்கியர் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார் என்கிறது சமண மரபு. தலையில் நஞ்சின் துளி, அதாவது பிந்து, பட்டிருந்ததால் பிள்ளை பிந்துசாரன் ஆனான். பெரியபுராணத்தில் சோழன் மனைவி கமலவதியின் கதையில் கத்தி இல்லை. ஆனால் ஒரு நாழிகை தாழ்ந்து பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர்கள் சொன்னதும், தன் கால்களை மேலே கட்டித் தொங்கவிடச் சொல்கிறாள் அந்தத் தாய். காத்திருந்து பிறந்த பிள்ளையின் கண் சிவந்திருந்தது. அவன் கோச்செங்கட் சோழன். அவள் பிழைக்கவில்லை. இன்று நாள் நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் நேரம் கேட்கிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கமலவதி நினைவுதான் வருகிறது. சீசர், பிந்துசாரன், செங்கணான் என மூன்று பெயர்க் கதைகளிலும் மகன் ஆள்கிறான், தாய் போய்விடுகிறாள்.

விதிவிலக்காக எனக்குத் தெரிந்தது பாரசீகத்தின் ‘ஷாநாமா’. ஆயிரம் ஆண்டுக்கு முன் பிர்தௌசி பாடிய அந்தக் காவியத்தில் வீரன் ருஸ்தமைச் சுமக்கும் ரூதாபாவுக்கு முதலில் மது கொடுத்து நினைவை மங்கவைக்கிறார்கள். பிறகு விலாவைக் கீறுகிறார்கள். கீறிய இடத்தைத் தைத்து மூலிகை அரைத்துப் பூசுகிறார்கள். ரூதாபா கண் விழிக்கிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள். மயக்கம், தையல், தாயின் உயிர் மூன்றையும் கவிஞர் சேர்த்தே யோசித்திருக்கிறார்.

மருத்துவர்கள் அங்கே வந்துசேர மேலும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கருப்பை தானாகவே சுருங்கிக்கொள்ளும், தையல் வேண்டாம் என்றார் ரூசே. அதை நம்பித் திறந்தபடி விட்ட கருப்பையிலிருந்து ரத்தம் கொட்டியும் சீழ் பிடித்தும் பெண்கள் இறந்தார்கள். 1876இல் இத்தாலியின் எதுவார்தோ போர்ரோ பிள்ளையை எடுத்த கையோடு கருப்பையையே அகற்றி ஒரு தாயைக் காப்பாற்றினார். 1881இல் ஃபெர்டினாண்ட் கேரர், 1882இல் மாக்ஸ் சேங்கர் என்ற இரு ஜெர்மானியர்கள் கருப்பையை முறையாகத் தைத்து மூடும் வழியை நிலைநாட்டினார்கள். இந்த அறுவைக்கு ஒரு மனிதர் பெயரைச் சூட்டியே ஆகவேண்டும் என்றால் அது சேங்கருக்கோ கேரருக்கோ உரியது என்பேன்.

மயக்கமருந்தின் கதை தனி. 1826இல் கேப்டவுனில் ஜேம்ஸ் பாரி என்ற ராணுவ மருத்துவர் மயக்கமருந்து எதுவும் இல்லாத காலத்தில் இதைச் செய்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளைக்கு மருத்துவர் பெயரையே வைத்தார்கள். தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்த ஜேம்ஸ் பாரி முன்னிக் ஹெர்ட்சாக் வரை அந்தப் பெயர் வந்தது. 1846இல் ஈதரும் அடுத்த ஆண்டே குளோரோபாமும் வந்தன. 1898இல் அவுகுஸ்ட் பியர் தண்டுவட நீரில் மருந்தைச் செலுத்திக் காட்டினார். நம் பெண்கள் ‘முதுகுல ஊசி’ என்பது அதன் வழிவந்ததே. குனிந்து உட்காரச் சொல்கிறார்கள், முதுகில் ஸ்பிரிட் சில்லென்று படுகிறது, சில நிமிடங்களில் கால் சூடாகிக் கனக்கிறது. எதுவரை மரத்திருக்கிறது என்று குளிர்ந்த பஞ்சைத் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார் மயக்கமருந்து மருத்துவர். துணித் திரைக்கு இந்தப் பக்கம் தாய் விழித்திருக்கிறாள். குழந்தையின் முதல் அழுகையை அவளே கேட்கிறாள்.

ஆராய்ச்சியும் தாயின் பக்கம் திரும்பியது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 15,935 பெண்களிடம் நடந்த ‘கொரோனிஸ்’ ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. கருப்பையை ஒரு அடுக்காகத் தைப்பதா இரண்டா, வெளியே எடுத்துத் தைப்பதா உள்ளேயே வைத்தா, எந்த நூல் என்று பழக்கத்தால் மட்டுமே முடிவாகிவந்த கேள்விகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்று ஆண்டு கழித்தும் அதே பெண்களைத் தேடிப்போய் விசாரித்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இத்தனை பெண்கள் மேல் விழும் கத்திக்கு இப்படிப்பட்ட விசாரணை இன்னும் நிறைய வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் மருத்துவர்கள் சிசேரியன் என்று முழுதாக எழுதுவதில்லை, ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்பார்கள். முதல் இரண்டு எழுத்தும் கருப்பையின் கீழ்ப்பகுதியைக் குறிப்பவை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் வலியுறுத்தியது அங்கே குறுக்காக வெட்டும் முறை. அந்தத் தழும்பு அடுத்த கர்ப்பத்தில் பிரிந்துபோகும் ஆபத்து, மேலே நெடுக வெட்டியதைவிடக் குறைவு. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது மருத்துவர் முதலில் அந்தத் தாளைக் கேட்கிறார்.