ஃபென்-ஃபென் இழப்பீட்டு உடன்பாடு

ஃபென்-ஃபென் இழப்பீட்டு உடன்பாடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்கும் மருந்துகளை உட்கொண்டதால் இதய அடைப்பிதழ்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்குவதற்காக 1999ஆம் ஆண்டில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு ஆகும். அமெரிக்கன் ஹோம் புராடக்ட்ஸ் நிறுவனம் இதன்கீழ் 375 கோடி டாலர் வரை வழங்க இசைந்தது. இந்நிறுவனம் 2002இல் வையத் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2009இல் ஃபைசர் நிறுவனத்துடன் இணைந்தது. இழப்பீடு கோரியோர் அளித்த இதய மீயொலிச் சோதனைப் படங்கள் உண்மையில் நோயைக் காட்டுகின்றனவா என்பதில் எழுந்த பிணக்கு பல ஆண்டுகள் நீடித்தது. மருத்துவச் சான்றின் நம்பகத்தன்மை பற்றிய சட்ட விவாதங்களில் இது முக்கிய எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

பின்னணி

ஃபென்ஃப்ளுரமின், ஃபென்டர்மின் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும் முறையே ஃபென்-ஃபென் எனப்பட்டது. ஃபென்ஃப்ளுரமின் 1973 முதல் பாண்டிமின் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1992இல் 121 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் வெளியான பின்னர், இரண்டையும் சேர்த்துத் தரும் வழக்கம் விரைவாகப் பரவியது. இவ்வாறு சேர்த்துத் தருவதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தனியாக ஒப்புதல் வழங்கியிருக்கவில்லை. 1996இல் டெக்ஸ்ஃபென்ஃப்ளுரமின் என்னும் நெருங்கிய உறவுடைய மருந்து ரெடக்ஸ் என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது.

1997 சூலை மாதத்தில் மாயோ மருத்துவமனை மருத்துவர்கள், இம்மருந்துகளை உட்கொண்ட 24 பெண்களுக்கு அசாதாரணமான இதய அடைப்பிதழ் நோய் இருந்ததை வெளியிட்டனர். நோய் அறிகுறி ஏதுமற்ற பயனர்களிடம் செய்யப்பட்ட சோதனைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு அடைப்பிதழ்க் குறை காணப்பட்டது. இதனைத் தொடர்ந்து 1997 செப்டம்பர் 15 அன்று பாண்டிமின், ரெடக்ஸ் ஆகிய இரண்டும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அதற்குள் ஏறத்தாழ 60 இலட்சம் அமெரிக்கர்கள் இவற்றை உட்கொண்டிருந்தனர்.

அறிவியல் ஆய்வுகள்

1998இல் வெளியான ஆய்வுகள் வேறுபட்ட முடிவுகளைத் தந்தன. ஓர் ஆய்வில் மருந்து உட்கொண்டோரில் 22.7 விழுக்காட்டினருக்கும், உட்கொள்ளாதோரில் 1.3 விழுக்காட்டினருக்கும் அடைப்பிதழ்க் குறை காணப்பட்டது. டெக்ஸ்ஃபென்ஃப்ளுரமினைச் சில மாதங்கள் மட்டுமே உட்கொண்டவர்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. உட்கொண்ட கால அளவு கூடும்போது தீங்கும் கூடுகிறது என்பது இவற்றை ஒப்பிட்டபோது புலனாயிற்று. ஃபென்ஃப்ளுரமின் உடலில் சிதைந்து உருவாகும் நார்ஃபென்ஃப்ளுரமின், அடைப்பிதழ்களில் உள்ள செரட்டோனின் 2பி ஏற்பிகளைத் தூண்டி இதழ்களைத் தடிக்கச் செய்கிறது என்பது 2000ஆம் ஆண்டளவில் விளக்கப்பட்டது.

ஆகவே மருந்து தீங்கு விளைவிக்கக்கூடியது என்பதைவிட, குறிப்பிட்ட ஒருவருக்குத் தீங்கு விளைந்துள்ளதா, எந்த அளவில் என்பதே பிணக்கிற்கு உரியதாக இருந்தது. மருந்தே உட்கொள்ளாத பலருக்கும் சிறிதளவு பின்னொழுக்கு இருப்பது இயல்பு என்பதால் இக்கேள்வி எளிதானதாக இல்லை.

உடன்பாட்டின் அமைப்பு

நாடெங்கும் தொடரப்பட்ட வழக்குகள் பிலடெல்பியாவில் உள்ள நடுவண் மாவட்ட நீதிமன்றத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன. நீதிபதி லூயிஸ் பெக்டில் 2000 ஆகஸ்டில் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். பின்னர் நீதிபதி ஹார்வி பார்ட்டில் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். இழப்பீட்டை வழங்கத் தனி அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது.

இழப்பீட்டுத் தொகை ஓர் அட்டவணையின்படி முடிவு செய்யப்பட்டது. நோயின் கடுமை ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. நிலை, வயது, மருந்து உட்கொண்ட காலம் ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை மாறியது. உச்சத் தொகை ஏறத்தாழ 15 இலட்சம் டாலர். 60 நாள்கள் அல்லது அதற்குக் குறைவாக உட்கொண்டோரும், நோய்க்கு வேறு காரணம் இருக்கக்கூடியோரும் குறைந்த தொகை கொண்ட அட்டவணையில் வைக்கப்பட்டனர். நுரையீரல் தமனியில் ஏற்படும் முதன்மை மிகை அழுத்த நோய்க்கு இவ்வுடன்பாடு பொருந்தாது. அந்நோயாளிகள் தனியே வழக்குத் தொடரலாம்.

ஒவ்வொரு கோரிக்கையிலும் இதயநோய் மருத்துவர் ஒருவர் சோதனைப் படத்தைப் பார்த்து உறுதிமொழி அளிக்க வேண்டும். அவரது முடிவுக்கு நியாயமான மருத்துவ அடிப்படை உண்டா என்பதே அளவுகோல். தன் கோரிக்கைக்கு அவ்வடிப்படை உண்டு என்று நிறுவும் பொறுப்பு கோருபவரைச் சார்ந்தது.

பிணக்கிற்குள்ளான சான்று

எக்கோ என்று வழங்கும் இதய மீயொலிச் சோதனையில், குருதி பின்னோக்கி ஒழுகுவது வண்ணத் தாரையாகத் திரையில் தெரியும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இதயத்தின் இடப்பக்கம் உள்ள ஈரிதழ் அடைப்பிதழைப் பொறுத்தவரை, இத்தாரையின் பரப்பு இடது மேலறையின் பரப்பில் 20 விழுக்காட்டை எட்டினால் பின்னொழுக்கு மிதமானது எனவும், 40 விழுக்காட்டைத் தாண்டினால் கடுமையானது எனவும் கொள்ளப்பட்டது. மிதமான பின்னொழுக்குடன் மேலறை விரிவு போன்ற மற்றொரு சிக்கலும் இருந்தால் இரண்டாம் நிலை இழப்பீடு கிடைக்கும். எனவே 19 விழுக்காட்டுக்கும் 21 விழுக்காட்டுக்கும் இடையே பெருந்தொகை வேறுபாடு இருந்தது.

இவ்வளவு நுண்ணிய எல்லைக்கு இச்சோதனை முற்றிலும் ஏற்றதன்று. தாரையின் ஓரத்தைச் சோதனையாளரே திரையில் கையால் வரைகிறார். கருவியின் வண்ணப் பெருக்கத்தைக் கூட்டினாலும், வேக அளவீட்டுக்குரிய நைக்விஸ்ட் எல்லையைக் குறைத்தாலும் அதே ஒழுக்கு பெரிதாகத் தோன்றும். 2002 நவம்பரில் நீதிபதி பார்ட்டில், இரு சட்ட நிறுவனங்கள் தாக்கல் செய்த கோரிக்கைகளை விசாரித்துப் பின்வரும் குறைகளைச் சுட்டிக்காட்டினார்.

* பல படங்களை ஒப்பிடாமல் ஓரிரு நிலைப்படங்களை மட்டும் கொண்டு முடிவு செய்தல்
* இதயச் சுருக்கத்தின்போது தாரை நீடிக்கிறதா எனப் பாராமை
* கருவியின் அமைப்புகளை மிகையாக மாற்றுதல்
* அடைப்பிதழ் மூடும்போது நேரும் குறைவேகப் பின்னோட்டத்தையும் பொய்த்தாரைகளையும் நோயாகக் கருதுதல்
* தாரையின் எல்லையை மிகைப்படுத்தி வரைதல்
* நோயாளியின் மருத்துவ வரலாற்றைக் கேளாமை

தொடக்கத்தில் கோரிக்கைகளில் ஒரு பகுதி மட்டுமே தணிக்கை செய்யப்பட்டது. இத்தீர்ப்புக்குப் பின், அட்டவணை இழப்பீடு கோரும் அனைத்துக் கோரிக்கைகளும் தணிக்கை செய்யப்பட வேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது.

தீர்வு முறை

தணிக்கையில் சுதந்திரமான இதயநோய் மருத்துவர் ஒருவர் அதே படத்தை மீண்டும் ஆராய்ந்தார். கோரிக்கை மறுக்கப்பட்டால், கோரியவர் கூடுதல் மருத்துவக் கருத்துகளுடன் எதிர்க்கலாம். அப்போதும் உடன்பாடு ஏற்படாவிடில் நீதிமன்றம் விசாரித்தது. தேவைப்படும் இடங்களில் தொழில்நுட்ப ஆலோசகராக ஒரு மருத்துவர் அமர்த்தப்பட்டார். ஒரே படத்தைப் பார்த்த மருத்துவர்கள் வெவ்வேறு விழுக்காடுகளைக் கூறுவது அளவீட்டில் இயல்பாக நேரும் வேறுபாடே எனக் கோரிக்கையாளர்கள் வாதிட்டனர். குறைவேகப் பின்னோட்டத்தை நோயாகக் கொள்வது கருத்து வேறுபாடு ஆகாது, அதற்கு மருத்துவ அடிப்படையே இல்லை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இவ்விசாரணைகளில் சிலருக்கு இழப்பீடு கிடைத்தது. பலரது கோரிக்கைகள் மறுக்கப்பட்டன.

கோரிக்கைகள் தேங்கியதால், 2005 மார்ச்சில் ஏழாம் திருத்தம் ஏற்கப்பட்டது. இதன்படி கடுமை குறைந்த முதலிரு நிலைக் கோரிக்கைகளுக்கென 127.5 கோடி டாலர் கொண்ட தனி நிதி ஒதுக்கப்பட்டது. உடன்பாட்டிலிருந்து விலகியோர் தொடுத்த வழக்குகளையும் சேர்த்து, வையத் நிறுவனம் ஒதுக்கிய மொத்தத் தொகை ஏறத்தாழ 2,100 கோடி டாலராக உயர்ந்தது.

தாக்கம்

முழுத் தணிக்கை, பொய்க் கோரிக்கைகளால் நிதி கரைந்துபோவதைத் தடுத்தது. அதே வேளையில், அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோயுற்றவர்களும் அதே வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. படம் எடுக்கும் முறை, கருவி அமைப்பு, அளக்கும் விதி ஆகியவற்றை முன்னரே வரையறுக்காமல் ஓர் எண்ணை மட்டும் எல்லையாக வைப்பதன் இடர்ப்பாட்டை இவ்வழக்கு காட்டுகிறது.

ஃபென்ஃப்ளுரமின் 2020 சூன் மாதத்தில் டிராவே நோய்க்கூட்டறிகுறி என்னும் அரிய வலிப்பு நோய்க்குரிய மருந்தாக அமெரிக்காவில் மீண்டும் ஒப்புதல் பெற்றது. சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் எக்கோ சோதனை செய்ய வேண்டும் என்பது அவ்வொப்புதலின் நிபந்தனையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* இதய அடைப்பிதழ் நோய்
* டாப்ளர் விளைவு
* தாலிடோமைடு
* கூட்டு வழக்கு