சிவப்பு மிட்ஜெற்றும் மண்ணெண்ணெய் மைனரும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியப்பா லண்டனில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பென்சன் எடுத்த நாளிலிருந்து ஒரு காரைத் தேடுகிறார்: 1965இல் செய்த எம்.ஜி. மிட்ஜெற். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையைக் கழற்றி ஓடலாம். 1976இல் படித்துக்கொண்டே இரவு வேலை செய்து சேர்த்த காசில் செக்கண்ட்ஹாண்டாக வாங்கியது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு விற்றுவிட்டார். கொழும்பில் அகதி முகாமில் நின்ற இரண்டு தங்கச்சிமாரையும் எடுப்பிக்கக் காசு தேவைப்பட்டது.

"அந்தக் காரில அப்பிடி என்ன இருக்கு?" என்று வட்ஸ்அப்பில் கேட்டோம். "தேடிப் பாருங்கோ பிள்ளையள், உங்கட ஊர்க் கதையும் அதுக்குள்ள கிடக்கு" என்றார்.

தேடினோம். உண்மையிலேயே கிடந்தது.

1952இல் பிரித்தானியாவின் ஒஸ்ரின் கம்பனியும், மொறிஸ், எம்.ஜி. கார்களைச் செய்த நஃபீல்ட் குழுமமும் ஒன்றாகி பி.எம்.சி. என்ற பெரிய நிறுவனம் உருவானது. ஒஸ்ரினிடம் அப்போது 'ஏ சீரிஸ்' என்ற சின்ன எஞ்சின் இருந்தது. 1951இல் 803 சி.சி.யோடு வந்தது. புதுசு புதுசாக எஞ்சின் செய்யப் பணம் வேண்டும். அதனால் இருந்ததையே பெருப்பித்துப் பெருப்பித்துப் பல கார்களில் போட்டார்கள். மொறிஸ் மைனருக்கும் அதுதான். 1961இல் அபிங்டன் தொழிற்சாலையில் பிறந்த எம்.ஜி. மிட்ஜெற்றுக்கும் அதுதான். 1965இல் இரண்டுமே 1098 சி.சி. மிட்ஜெற்றில் காபரேற்றர் இரண்டு, மைனரில் ஒன்று. ஒன்று இளசுகள் காற்று வாங்கப் போகிற கார். மற்றது எங்கள் ஊரில் டொக்டர்மாரும் வாத்திமாரும் வைத்திருந்த கார்.

தோழியின் அப்பப்பாவிடமும் ஒரு மைனர் இருந்தது. பெரியப்பா லண்டன் போக, இளையவரான தோழியின் அப்பா அந்தக் காரோடு யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார்.

1990இல் போர் மீண்டும் தொடங்கியபோது வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கள்ளமாக வந்த ஒரு போத்தலின் விலை சாதாரண சனத்துக்கு எட்டாது. புதிய ஜப்பான் கார்கள் முடங்கின. ஒஸ்ரினும் மொறிஸும் ஓடின. காரணம் எளிது: அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கவிகிதம் குறைவு, மட்டமான எரிபொருளையும் தாங்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பின்னால் ஒரே புகை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்த மைனர், கூரையில் பாய், சட்டி, சைக்கிள் எல்லாம் கட்டிக்கொண்டு சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு ஊர்ந்து போனதாம்.

அங்கே மிட்ஜெற்றுகளுக்கு வேறு முடிவு. இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1979இல் உற்பத்தி நின்றது, அடுத்த வருடம் அபிங்டன் தொழிற்சாலையையே மூடினார்கள். மிட்ஜெற்றுக்குத் தனிச் சட்டகம் இல்லை. கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே இருக்கிற தகட்டுப்பெட்டிதான் காரின் முதுகெலும்பு. மழையும் குளிர்காலத்து உப்பும் முதலில் தின்பது அதைத்தான். உக்கினால் அந்தக் காலத்து வருடாந்தப் பரிசோதனையில் தேறாது. திருத்தும் செலவு காரின் விலையைவிடக் கூட, ஆகவே பழைய இரும்புக்குப் போய்விடும்.

அதனால் இன்று தேடுகிறவர்கள் பெயின்ற் மினுக்கத்தைப் பார்ப்பதில்லை, குனிந்து அடியைத் தட்டிப் பார்க்கிறார்கள். பிறகு இலக்கத்தைப் பார்க்கிறார்கள். அந்த வருடத்து மிட்ஜெற் என்றால் 'ஜி.ஏ.என். 3' என்று தொடங்கவேண்டும். கேடனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, கார் என்றைக்குச் செய்யப்பட்டது, முதலில் என்ன நிறம் என்று சான்றிதழ் கொடுக்கிறது. ஆனால் பெரியப்பாவிடம் இருப்பது பழைய நம்பர் பிளேற் இலக்கம் மட்டும். அரச இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தால், அப்படி ஒரு வாகனமே இல்லை என்று வருகிறது.

இன்னொரு விசயமும் கண்ணில் பட்டது. பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் அவற்றுக்கான தகடுகளை இலங்கையில் செய்விக்கத் தொடங்கினார். வடக்கில் மைனர் மண்ணெண்ணெயில் ஓடிய அதே பத்தாண்டில், தெற்கில் எங்கள் நாட்டுக் கைகள் இங்கிலாந்தின் மைனர்களுக்குப் பாகம் தட்டிக்கொடுத்தன.

அங்கே அதைக் 'கிளாசிக்' என்கிறார்கள். ஒரு காரைக் கைவிட்டு, பிறகு ஆறுதலாகத் தேட வசதியுள்ள இடத்துச் சொல் அது. இங்கே கைவிட வழியில்லாததால் கார் மிஞ்சியது. பெரியப்பா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவர் காரை அலுத்துப்போய் விற்கவில்லை. அந்தக் கார்தான் இரண்டு விமானச் சீட்டாக மாறியது.

போன மாதம் ஒரு சிவப்பு மிட்ஜெற்றைப் பார்க்கப் போயிருக்கிறார். 1965. அவருடையது இல்லை, வேறு இலக்கம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தை வொய்ஸ் மெசேஜாக அனுப்பியிருந்தார். தோழியின் வீட்டு விறாந்தையில் எல்லோருமாகக் கேட்டோம். கொட்டிலுக்குள் மைனர் இன்னும் நிற்கிறது. அவளுடைய அப்பா ஃபோனைக் காதோடு வைத்து இரண்டு தரம் கேட்டார்.

"ரைமிங் பிந்திக் கிடக்கு. வாங்க முந்தி டிஸ்ரிபியூற்றரைப் பாக்கச் சொல்லு அண்ணையிட்ட."