கட்டையிலிருந்து கணினிக்கு: 'லாக் இன்' வந்த வழி

வினைச்சொல்லோடு சிறு இடைச்சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஆங்கிலத் தொடர்வினைகளுள் ஒன்றான 'லாக் இன்' என்பதன் வேர் கணினியில் இல்லை, கடலில் இருக்கிறது. 'லாக்' என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய கட்டையைப் பின்புறத்திலிருந்து நீரில் எறிந்து, கயிறு எவ்வளவு ஓடுகிறது என்று கணக்கிடும் முறையை 1574-இல் வில்லியம் போர்ன் தம் நூலில் விவரித்தார். பிற்காலத்தில் அக்கயிற்றில் சீரான இடைவெளியில் முடிச்சுகள் இட்டு, ஏறத்தாழ அரை நிமிட மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் மாலுமியின் கைவழியே நழுவியவற்றை எண்ணினர். கப்பல் வேகம் இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு, எனப்படுவது அதனால்தான்.

அக்கணக்கை எழுதிய ஏடு 'லாக் புக்' ஆக, ஏட்டில் பதிவதே 'லாக்' என்னும் வினையாயிற்று. 1960-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, பயனர் தம்மைப் பதிந்துகொண்டு பணி தொடங்கும் கட்டளைக்கு இவ்வினையே பெயராயிற்று. 'லாக் இன்' என்பதை வினையாக வரும்போது பிரித்து எழுதுவதும், பெயராக வரும்போது சேர்த்து எழுதுவதும் ஆங்கில மரபு. தமிழில் 'உள்நுழை' என்பது வாசலை மட்டுமே காட்ட, 'புகுபதிகை' என்பதோ ஏட்டையும் நினைவில் வைத்திருக்கிறது. அதுவே பொருத்தமான சொல்.