தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

சென்ற மாதம் திருச்சிக்குப் போகும் வழியில், விக்கிரவாண்டிக்கு அருகே எங்கள் பஸ் ஒரு பெட்ரோல் லாரிக்குப் பின்னால் வெகுநேரம் நின்றுவிட்டது. லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. என் பையன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, 'கரெக்ட்'டுன்னா சரி, 'இன்கரெக்ட்'டுன்னா தப்பு. அப்போ இது தீப்பிடிக்காத லாரிதானே?" என்றான்.

கண்டக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் தீத்தடுப்பு நிபுணர்களைக் கலங்க வைத்த கேள்வி இது.

'இன்' என்ற முன்னொட்டு ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் லத்தீன் வழியே வந்தவை. ஒன்றுக்கு 'இல்லை' என்று பொருள். அநீதி, அநியாயம் என்கிறோமே, அந்த வடமொழி 'அ'வுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். மற்றதற்கு 'உள்ளே' என்று பொருள். உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள், உறவோ கிடையாது. போதாக்குறைக்கு இருவரும் ஒரே மாதிரி வேஷம் போடுவார்கள். 'இம்பாஸிபிள்' என்று முடியாது சொல்பவர் ஒருவர். 'இம்போர்ட்' என்று சரக்கைத் துறைமுகத்துக்குள் கொண்டு வருபவர் வேறொருவர். லாரியில் எழுதியிருந்தது இரண்டாமவர். லத்தீனில் 'இன்ஃப்ளாமாரே' என்றால் தீ மூட்டுவது. ஆகவே சொல்லில் பிழையில்லை.

ஆனால் ஒருவர் நாற்காலியில் மற்றவர் வந்து உட்கார்ந்த கதையும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் 'இன்ஹாபிடபிள்' என்று ஒரு சொல் வருகிறது. மனிதர் வசிக்க முடியாத நிலம் என்பது அங்கே பொருள். இன்று ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு வசிக்கத் தகுந்தது என்று அர்த்தம்! பிரெஞ்சுக்காரர்களோ பழைய அர்த்தத்தை விடவில்லை. இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்தவர் பாரிஸில் வாடகைக்கு வீடு தேடினால் என்ன பாடுபடுவாரோ!

நாடகத்தில் அர்த்தம் புரண்டால் உரையாசிரியருக்கு வேலை கிடைக்கும். பெட்ரோல் பீப்பாயின் மேல் புரண்டால்? பின்னாளில் மொழி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பெஞ்சமின் லீ வோர்ஃப், அமெரிக்காவில் ஒரு தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். விபத்து அறிக்கைகளைப் படித்துப் படித்து அவர் ஒன்று கண்டார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களிடம் வெகு ஜாக்கிரதையாக இருக்கும் ஆட்கள், 'காலி'ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் கவலையின்றிச் சிகரெட் பிடித்தார்கள். உள்ளே தங்கிய ஆவிதான் அதிக ஆபத்து. 'காலி' என்ற சொல் அதை மறைத்துவிட்டது.

1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. புதுச் சொல்லல்ல, 1813-லேயே அச்சேறி, சீந்துவாரின்றிக் கிடந்தது. 1959-ல் பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் அதே வழிக்கு வந்தது. எழுதிப் பிழைக்கிற எனக்கு, குலம் கோத்திரம் எல்லாம் சரியாக இருந்த சொல்லின் தலையைச் சீவியதில் வருத்தந்தான். ஆனால் தீக்குச்சியோடு நிற்பவனிடம் லத்தீன் தெரியுமா என்று யார் கேட்டுக்கொண்டிருப்பது? அவர்கள் செய்ததே சரி.

நம் நாட்டில் 1952-ல் இயற்றிய சட்டத்தின் பெயரிலும் பழைய 'இன்ஃப்ளேமபிள்'தான் இருக்கிறது.

இதையெல்லாம் பையனுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சாலையோரத்தில் ஒருவர் லாரியை ஒட்டி வந்து நின்று பீடியை வாயில் வைத்தார்.

"யோவ், பெட்ரோல் வண்டி!" என்று கண்டக்டர் கத்தினார்.

பீடி காதிடுக்குக்குப் போய்விட்டது.