சிறையில் பிறந்த மோட்சப் பிரயாணம்

நெல்லைச் சீமையின் பழைய கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் அடுத்து மரியாதையாக வைத்திருந்த புத்தகம் ‘மோட்சப் பிரயாணம்’. அந்தக் கதையைத்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை விருத்தப்பாக்களில் விரித்து, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாகத் தந்தார். அவர் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் ஊறியவர், முப்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றவர். அப்படிப்பட்ட ஒரு புலவரை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருந்த கதை, பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத ஓர் ஆங்கிலேயத் தொழிலாளி எழுதியது.

அவர் ஜான் பன்யன். 1628-இல் பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனைப் போலவே அவருக்கும் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்துக் கொடுப்பதுதான் தொழில். முதல் மனைவி கொண்டுவந்த சீதனம் என்று அவரே குறித்து வைத்திருப்பது இரண்டு பக்திப் புத்தகங்களை மட்டுமே. தட்டுமுட்டுச் சாமான்கூட இல்லாத வீடு அது. மூத்த மகள் மேரி பிறவியிலேயே கண் தெரியாதவள்.

பெட்ஃபோர்டில் ஒருநாள் ஏழைப் பெண்கள் சிலர் வாசற்படியில் வெயில் காய்ந்தபடி தங்கள் உள்ளத்தில் கடவுள் செய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போன பன்யன் அதைக் கேட்டு நின்றுவிட்டார். அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான். பிறகு அந்தப் பெண்களின் சபையில் சேர்ந்தார், பிரசங்கியும் ஆனார்.

1660-இல் மன்னராட்சி திரும்பியது. அரசுத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டிப் பிரசங்கிப்பது குற்றம் என்று பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த நவம்பர் 12 அன்று லோயர் சாம்செல் என்ற இடத்தில், கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் பன்யனைக் கைது செய்தார்கள். பிடிக்க வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தும் அவர் ஓடவில்லை. இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் போனது.

இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பிணி. கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில் வலி கண்டு, பிறந்த குழந்தை இறந்தது. மூத்தாள் பிள்ளைகள் நால்வரையும் வைத்துக்கொண்டு, 1661-இல் நீதிபதிகளின் முன் தனியாளாக நின்று கணவருக்காக வாதாடினார் அந்தப் பெண். மேத்யூ ஹேல் என்ற நீதிபதி மட்டும் இரக்கத்தோடு கேட்டார். விடுதலை கிடைக்கவில்லை. பன்யன் சிறையில் உட்கார்ந்து, நுனியில் உலோகக் குப்பி வைத்த நாடாக்களை நூற்றுக்கணக்கில் முடைந்து விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார்.

சிறையிலிருந்தபடியே 1666-இல் தன் வரலாற்றை வெளியிட்டார். அதை வாசித்தவர்களுக்குத் தெரியும், அவர் கலங்காத வீரர் அல்ல. மனைவி மக்களைப் பிரிந்த வேதனையை எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதற்கு ஒப்பிடுகிறார். எல்லாரையும்விடக் கண் தெரியாத மகளை நினைத்துத்தான் உருகுகிறார். அவள் குளிரிலும் பசியிலும் அடிபட்டுக் கிடப்பாளே என்ற எண்ணம் அவரை நொறுக்கியிருக்கிறது. அப்போது அவர் பற்றிக்கொண்டது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை. மனைவி, பிள்ளை, உடல்நலம் எல்லாவற்றையும் செத்துப்போனவையாக எண்ணிவிட்டு, காணப்படாத கடவுளை மட்டும் நம்பிப் பிழைக்கவேண்டும் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டதாக எழுதுகிறார்.

அந்த நூலில் இன்னொரு இடம் உண்டு. கீழ்ப்படியாவிட்டால் நாடு கடத்துவோம், திரும்பி வந்தால் தூக்கு என்று நீதிபதி எச்சரித்திருந்தார். சட்டம் தெரியாத புதுக் கைதி. தூக்குமரத்தின் ஏணியில் நிற்பதுபோல் ஓயாமல் ஒரு நினைப்பு. முகம் வெளுத்து முழங்கால் நடுங்கி, பார்க்க வந்தவர்கள் முன்னால் கடவுளுக்கே அவமானம் தேடிவிடுவேனோ என்று பயம். ஜெபித்தார், ஆறுதல் வரவில்லை. செத்தபின் எங்கே போவோம் என்பதுகூடத் தெளிவாக இல்லை. கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்: கடவுள் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும், பரலோகமோ நரகமோ, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஏணியிலிருந்து குதித்துவிடுவது, ஆண்டவர் பிடித்தால் பிடிக்கட்டும். மோட்சப் பிரயாணத்தின் விதை விழுந்தது இந்த இடத்தில்தான் என்பது என் துணிபு. விசுவாசம் என்றால் சந்தேகமே இல்லாத நிலை என்று நினைத்துத் தன்னையே நொந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் நான் எடுத்துக்காட்ட விரும்பும் பக்கம் இது.

மோட்சப் பிரயாணம் பிறந்த விதத்தை அதன் முன்னுரைச் செய்யுளிலேயே சொல்கிறார். பக்தர்களின் பாதையைப் பற்றி வேறொரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர், அறியாமலே உருவகக் கதைக்குள் விழுந்துவிட்டார். இருபது எண்ணம் தோன்றியது, எழுதி முடிப்பதற்குள் இன்னும் இருபது. எழுதவந்த புத்தகத்தை அவை விழுங்கிவிடும்போல் இருந்ததால் தனியே எடுத்து வைத்தார். யாருக்காகவும் அல்ல, தன் மனநிறைவுக்காகவே எழுதியதாகச் சொல்கிறார். நண்பர்களிடம் காட்டினால் சிலர் அச்சிடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். பரிசுத்தமான காரியத்தைக் கட்டுக்கதையாக்கலாமா என்ற தயக்கம். பன்யன் 1672-இல் விடுதலையாகி, பின்னர் மறுபடி சில மாதம் சிறையிருந்து வந்த பிறகு, 1678-இல்தான் லண்டனில் நதானியேல் பாண்டர் அதைப் பதிப்பித்தார்.

காணாததை எழுத அவர் கையில் இருந்ததெல்லாம் கண்டவைதான். பாத்திர மூட்டையோடு நடந்த சேற்றுத்தடம், மேடு, சந்தை, குறுக்கு வழி, நாய் குரைக்கும் வாசல். அரக்கனின் சந்தேகக் கோட்டையில் அடைபட்ட கதைநாயகன் கிறிஸ்தியான், வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மடியிலேயே இருப்பதை நினைவுகூர்கிறான். பன்னிரண்டு வருஷம் பூட்டிய கதவைப் பார்த்தவர் எழுதிய சாவி அது.

தூரத்துத் திட்டிவாசல் தெரிகிறதா என்று தொடக்கத்தில் சுவிசேஷகன் கேட்கும்போது, இல்லை என்கிறான் கிறிஸ்தியான். அந்த ஒளியாவது தெரிகிறதா என்றால், தெரிகிறதுபோல் இருக்கிறது என்கிறான். அந்த அரைகுறைப் பார்வையை நம்பித்தான் வீட்டை விட்டு ஓடுகிறான். கடைசிக் கட்டத்திலும் அதே நிலைதான். மலைமேல் மேய்ப்பர்கள் தூரக்கண்ணாடி கொடுத்துப் பரம நகரத்தின் வாசலைக் காட்டுகிறார்கள். கை நடுங்குகிறது, நிலையாகப் பிடிக்க முடியவில்லை, வாசல் மாதிரி ஏதோ தெரிகிறது. அந்த நகரத்துக்கு முன்னால் ஓடும் மரண ஆற்றைக் கடக்கும்போது அவன் மூழ்கப் போகிறான். கூட வந்த நம்பிக்கை என்பவன்தான் தலையைத் தூக்கிப் பிடித்து, தரை தட்டுப்படுகிறது, பயப்படாதே என்கிறான்.

1684-இல் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தில் வீட்டில் விட்டுவந்த மனைவியும் பிள்ளைகளும் இதில் புறப்படுகிறார்கள், ஊன்றுகோல்காரரும் மனம் தளர்ந்தவர்களும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு முன்பே போய்ச்சேர்ந்த ஒருவரைப் பற்றி வழிகாட்டி சொல்கிறார்: பயமே உருவானவர், சிங்கத்துக்கு அஞ்சாமல் தான் ஏற்றுக்கொள்ளப்படுவேனா என்பதற்கு மட்டும் அஞ்சியவர். அவர் ஆற்றில் இறங்கிய அன்று, வழிகாட்டி அதுவரை பார்த்திராத அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்ததாம், பாதம் நனைந்ததோடு கரையேறிவிட்டாராம். ஏணியில் முழங்கால் நடுங்குமே என்று தவித்த கைதிதான், இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, இத்தனை கரிசனத்தோடு அவருக்கு ஆற்றை வற்ற வைத்திருக்கிறார்.