பூனைக்காலி விதையும் நடுங்கும் கையும்

கை நடுங்கும் முதியவரைக் கண்டால், "வயதாகிவிட்டது" என்று கூறி நகர்ந்துவிடுவது கோவில்பட்டிக் கரிசற் சீமையில் மட்டுமன்று, எங்குமே நம்மவர் வழக்கம். பருத்திக் காட்டில் உழைத்த கை நடுங்காமல் என்ன செய்யும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்நடுக்கத்துக்குரிய மருந்தின் வரலாற்றில் நம் வேலியோரக் கொடியொன்றுக்கும் சென்னை மாநகருக்கும் பங்குண்டு.

பூனைக்காலியைத்தான் சொல்கிறோம். அதன் காய்ச்சுணை மேலே பட்டால் அரிப்புத் தாங்காது. விதையோ நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. யூனானி ஹக்கீம்கள் அதனைக் கௌஞ்ச் என்பர். வைத்தியர்கள் பெரும்பாலும் தாது புஷ்டிக்கே இதனைக் கொடுத்தனர் என்பதை மறைப்பானேன்? ஆயுர்வேதத்தில் கம்பவாதத்துக்கும் இது பயன்பட்டது.

1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் இவ்விதையிலிருந்து 'டோப்பா' என்னும் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். 1913இலேயே ஸ்விட்சர்லாந்தில் குக்கன்ஹைம் அதனை அவரை இனத்து விதையொன்றில் கண்டிருந்தார். எனினும் அதன் மருத்துவப் பயன் அன்று எவருக்கும் புலப்படவில்லை. விதையை அறிந்த வைத்தியரும் அதன் சத்தை அறிந்த விஞ்ஞானியும் ஒரே மாநிலத்தில் இருந்தும் ஒருவரையொருவர் விசாரிக்கவில்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

திருப்பம் 1957இல் வந்தது. ஸ்வீடனின் கார்ல்சன், நம் சர்ப்பகந்தியிலிருந்து எடுக்கப்படும் ரிசர்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோப்பா கொடுத்ததும் எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பார், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோப்பமின் மிகக் குறைந்திருந்ததைக் காட்டினார். டோப்பமின் நேராக மூளைக்குள் புகாது. டோப்பா புகுந்து, அங்கே டோப்பமினாக மாறும். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அதனைப் படிப்படியாக உயர்த்திக் கொடுத்து, முடங்கியோரை நடக்கவைத்தார். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளுக்குப் பூனைக்காலித் தூளையே கொடுத்துப் பார்த்தபோது, அது மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. இதைக் கேட்டு மாத்திரை உண்போர் தாமாகவே விதையையும் சேர்த்து உண்பது ஆபத்து: அளவு மீறினால் உடல் தானாக முறுக்கும், இல்லாதவை கண்முன் தோன்றும்.

இனி முக்கியமான கேள்வி: டோப்பா மூளை உயிரணுவைக் காக்கிறதா, இல்லை குறைந்ததை நிரப்பிவிட்டுப் போகிறதா? வற்றும் கண்மாய்க்கு லாரித் தண்ணீர் ஊற்றுவது வேறு, ஊற்றைக் காப்பது வேறு. 1989இல் செலிஜிலின் என்ற மருந்து டோப்பா தேவைப்படும் நாளைத் தள்ளிப்போடுவதாக 800 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியபோது, உயிரணு காக்கப்படுகிறது என்று மகிழ்ந்தார்கள். அம்மருந்தே நடுக்கத்தைச் சற்றுத் தணிப்பதால் வந்த தோற்றமாகவும் அது இருக்கலாம் என்ற ஐயம் பின்னர் வலுத்தது. அதே ஆய்வில் வைட்டமின் ஈ பயன்தரவில்லை. டோப்பாவே உயிரணுவுக்கு நஞ்சாகுமோ என்ற அச்சமும் நெடுநாள் இருந்தது. அதனால் மருந்தைத் தள்ளிப்போட்டு அவதியுற்றோர் உண்டு.

2019இல் வெளிவந்த ஆய்வில் 445 பேர் பங்குகொண்டனர். ஒரு சாரார் தொடக்கத்திலேயே டோப்பா உண்டனர். மறு சாரார் 40 வாரம் தாமதித்து உண்டனர். 80ஆம் வார முடிவில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. முந்தி உண்டவருக்கு உயிரணுக் காவலும் இல்லை, கேடும் தெரியவில்லை.